சீர்ப் பாத்திரமும் ஸ்பீக்கர் காந்தமும்

என் கல்யாணத்துக்கு முந்தின நாள், மாமியார் ஆகப்போகிறவர் தேன்கனிக்கோட்டையிலிருந்து கைப்பையில் ஒரு காந்தத்தோடு வந்து இறங்கினார். பழைய ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கிய வட்டக் காந்தம். நல்ல எவர்சில்வரில் காந்தம் ஒட்டாது, ஒட்டினால் டூப்ளிகேட் என்பது அவர் கட்சி. யானை புகுந்த கேழ்வரகுக் கொல்லையைப் பார்வையிடுவதுபோல, மண்டபத்தில் பரப்பியிருந்த என் சீர்ப் பாத்திரங்களை ஒரு சுற்று வந்தார்.

குடத்தின் வயிற்றில் காந்தம் ஒட்டவில்லை. விளிம்பில் லேசாகப் பிடித்தது.

“பாருங்க சம்மந்தி, ஒட்டுது. கடைக்காரன் உங்கள ஏமாத்திட்டானா, இல்ல நீங்க எங்களயா?”

என் அம்மாவின் முகம் செத்துவிட்டது. மூக்கண்டப்பள்ளி வாடகை வீட்டில் இருந்துகொண்டு, கம்பெனி கேன்டீனில் காய் நறுக்கி, ஒவ்வொன்றாகச் சேர்த்த பாத்திரங்கள் அவை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தொழிற்பேட்டையில் எவர்சில்வர் தகடுகளைச் சோதிக்கும் பிரிவில்தான் எனக்கு வேலை. கல்யாணப்பெண் வாயைத் திறக்கக் கூடாதாம். திறந்தேன்.

“அத்தை, நல்ல எவர்சில்வரயும் காந்தம் இழுக்கும். கைக்குத் தெரியாது, அவ்ளோ கம்மி. காந்தத்த எடுத்துட்டா அதுவும் போயிடும். விளிம்ப மடக்கி அழுத்துறாங்க இல்ல, அந்த எடத்துல மட்டும் கொஞ்சம் கூடிடும். டூப்ளிகேட்னா குடம் முழுக்க டப்புனு ஒட்டும்.”

“படிச்ச பொண்ணு, பேசத்தான் செய்யும்,” என்றார் அத்தை, கூட்டத்தைப் பார்த்து. நாலு பேர் சிரித்தார்கள்.

மாப்பிள்ளை தூணோடு தூணாக நின்றிருந்தார். பெண் பார்க்க வந்த நாளிலிருந்து அவர் என்னிடம் பேசியதையெல்லாம் ஒரு டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிடலாம். அவர் மெல்ல நகர்ந்து வந்தார். தன் அம்மா எங்கே போனாலும் காபி கொண்டுபோகும் தூக்குச்சட்டியை அத்தையின் பக்கத்திலிருந்து எடுத்து அவரிடமே நீட்டினார். நயம் எவர்சில்வர் என்று அத்தை ஊரெல்லாம் பெருமை பேசும் சட்டி அது.

“இதுலயும் வெச்சுப் பாரும்மா.”

வயிற்றில் ஒட்டவில்லை. விளிம்பில் லேசாகப் பிடித்தது.

அத்தை காந்தத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டார். “வெயில் வேற,” என்றார், எதற்கென்று தெரியவில்லை.

“சாப்பிட வாங்க சம்மந்தி,” என்றாள் அம்மா. குரல் பழையபடி கணீரென்று இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

பத்திரிகை அடித்தாயிற்றே என்றுதான் அதுவரை கழுத்தை நீட்ட இருந்தேன். இவரைக் கட்டிக்கொள்ளலாம் என்று அப்போதுதான் தோன்றியது.