மத்தியானம் சும்மா கிடந்த அறை

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஓர் அறை காலியாக இருக்கிறது என்று விவரம் தெரிந்த யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கால் உடைந்த நாற்காலி நாலைந்தை உள்ளே போட்டுப் பூட்டிவிடுவோம். இல்லையென்றால் மறுவாரமே அங்கே வேறு துறையின் பலகை தொங்கும். புவியியல் துறையில் எழுத்தராகச் சேர்ந்தபோது எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே இதுதான். தற்காலிகத்தின் மண்டையில் மட்டும் இது ஏறவேயில்லை.

தற்காலிகம் என்பது எங்கள் துறை விரிவுரையாளர் ஒருத்திக்கு நாங்கள் வைத்த பெயர். வருஷா வருஷம் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தே அவளுக்கு முன்நெற்றி முடி நரைத்துவிட்டது. நிரந்தரமானவர்களுக்குப் பிடிக்காத வகுப்பெல்லாம் அவள் தலையில்தான் விழும். கணவர் மருந்து விற்பனைக்காக ஊர் ஊராகச் சுற்றுபவர். அதனால் மூன்று வயது மகளையும் கூட்டிவந்து, வரைபட அறையின் பெரிய மேஜைக்கு அடியில் உட்கார வைப்பாள். குழந்தை கீழே சுண்ணக்கட்டியால் கிறுக்கும்; அம்மா மேலே மலைத்தொடர் நடத்துவாள். குழந்தை சிணுங்கினால் போதும், துறைத் தலைவர் கதவருகே வந்து தொண்டையைக் கனைப்பார். அதற்கு அவள் பதறுவதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பல்கலைக்கழகத்தின் எதிர்காலத்துக்கு ஊழியர்கள் யோசனை சொல்லலாம் என்று ஒரு கூட்டம் போட்டார்கள். நல்ல யோசனைக்குப் பரிசு உண்டு, துணைவேந்தர் கண்ணில் படலாம், வேலை நிரந்தரமாகலாம் என்று பேச்சு. அவளுக்கு அது போதாதா?

கூட்டத்தில் ஒருவர் வாசலில் நீரூற்று வேண்டுமென்றார். அவர் துறையில் குடிக்கவே தண்ணீர் வராது. இன்னொருவர் வெளிநாட்டில் கிளை திறக்கச் சொன்னார். துணைவேந்தர் எல்லோருக்கும் ஒரே மாதிரி தலையாட்டினார். பிறகு இவள் எழுந்தாள்.

"ஊழியர்களோட குழந்தைங்களுக்கு ஒரு காப்பகம் வேணும் சார். வெளியாட்கள் வேண்டாம், ஊழியர் குழந்தைங்களுக்கு மட்டும்னு வெச்சா செலவும் கம்மி. கட்டடம்கூடக் கட்ட வேண்டாம். எங்க வரைபட அறை மத்தியானத்துக்கு மேல சும்மாதான் கிடக்குது."

மத்தியானம் மாணவர்கள் நில அளவைக்கு வெளியே போவதைத்தான் அவள் அப்படிச் சொன்னாள். அதைச் சொல்வதற்குள் கைதட்டிவிட்டார்கள். துறைத் தலைவர் தலையில் கை வைத்துக்கொண்டார். துணைவேந்தர் முதல் தடவையாகப் பேனாவைத் திறந்தார்.

முதல் பரிசு அவளுக்குத்தான். கண்ணாடிக் கேடயத்தை என் மேஜையில் வைத்து, "இந்தத் தடவை நிரந்தரம் ஆயிடும்லக்கா?" என்றாள். கேடயத்தைக் கோப்புகளுக்குப் பின்னால் நகர்த்தி வைத்தேன். "ஆகும், ஆகும்" என்றேன்.

அறையே சும்மா கிடக்கிற துறைக்கு எதற்குத் தனி இடம் என்று மேலே பேசினார்களாம். எங்களைச் சுற்றுச்சூழல் துறையோடு சேர்த்தார்கள். நிரந்தரமானவர்களுக்கு அங்கே நாற்காலி கிடைத்தது. ஒப்பந்தக்காரி இனித் தேவையில்லை என்றார்கள். அவள் பதிவாளரிடம் ஓடினாள். நானும் கூடப் போனேன்.

"உங்க யோசனைதானம்மா நிறைவேறுது? சந்தோஷப்படுங்க" என்றார் அந்த மனிதர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவருக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு அவளை வெளியே கூட்டிவந்தேன். எனக்கும் சம்பளம் வேண்டுமே.

காப்பகம் திறந்தது. சுவரெல்லாம் முயல் படம். பழைய வரைபடங்களைச் சுருட்டிக் கழிப்பறைப் பக்கம் சாத்தியிருந்தார்கள். மறுநாள் காலையில் அவள் மகளோடு வந்தாள். ஒரு தனியார் பள்ளியில் வேலை கேட்டுப் போக வேண்டும், அதுவரை குழந்தையை விட இடமில்லை.

வாசலில் இருந்த ஆயா அடையாள அட்டை கேட்டாள். "ஊழியர் குழந்தைங்கள மட்டும்தாம்மா சேர்க்கச் சொல்லியிருக்காங்க."

கூட நின்ற நான் சண்டைக்குப் போனேன். "இந்த இடமே இவங்க சொல்லித்தான் வந்துச்சு, தெரியுமா? எவன் போட்ட சட்டம் இது?"

தற்காலிகம் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"விடுங்கக்கா. அதையும் நான்தானே சொன்னேன்."

குழந்தை அதற்குள் ஆயாவின் காலுக்கு இடையில் நுழைந்து உள்ளே ஓடி, பழைய மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. அம்மா வெளியே நின்று கூப்பிடக் கூப்பிட வரவில்லை. ஆயாதான் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தாள்.