இரண்டு தெருவுக்கு ஒரு விளம்பரம்

கருவாட்டுப் பாக்கெட்டுக்கு டால்பின் படம் போட்டு லேபிள் அடித்துக் கொடுத்தவன் நான்தான். கேட்டார்கள், அடித்தேன். காரைக்காலில் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கிறவன் தினம் பார்க்கிற கூத்து இது. மாவு மில்லுக்கும் தங்க வளையம் வேண்டும், மசாலாப் பொடிக்கும் தங்க வளையம் வேண்டும். நடுவில் வாயில் நுழையாத ஆங்கிலப் பெயர். போன் நம்பர் மட்டும் எறும்பு சைசில் ஒரு மூலையில் கிடக்கும். நம்பரைப் பெரிதாகப் போடுங்கள், அதைப் பார்த்துத்தானே ஆள் கூப்பிடும் என்றால், டிசைன் கெட்டுவிடுமாம்.

மாரிக்கண்ணுவும் அப்படித்தான் வந்து நின்றாள். கடற்கரையோரத்துக் கருக்களாச்சேரிக்காரி. பல வருஷமாக எங்கள் தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் கூடையில் கருவாடு கொண்டு வருகிறவள். என் மனைவி அஜீசுன்னிசா அவளைத் தவிர வேறு யாரிடமும் நெத்திலி வாங்க மாட்டாள். அந்த மாரிக்கண்ணுவுக்கு இப்போது இரண்டு முழங்காலும் போய்விட்டன. இனியும் கூடையோடு நடந்தால் ஒரேயடியாகப் படுத்துவிடுவாய் என்று டாக்டர் சொல்லிவிட்டார். புருஷன் இல்லை. அவள் சம்பாதித்தால்தான் அந்த வீட்டில் உலை கொதிக்கும். ஆகவே ஜனங்கள் போனில் கேட்டு வாங்க வேண்டும், இல்லாவிட்டால் வியாபாரம் முடிந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு கல்யாண மண்டபத்தில் சிறுதொழில் பயிற்சி என்று நடத்தினார்கள். பாடம் எடுக்க வந்தவர் கலைவாணன், வெளியூர்க்காரர், சட்டை கசங்காத மனுஷர். பிராண்ட் என்றால் பெயரிலேயே தரம் தெரிய வேண்டும் என்று சொல்லி 'ஓஷன் ஜுவல்' என்று அவளுக்குப் பெயர் வைத்துவிட்டார். டால்பினும் அவர் யோசனைதான். எங்கள் ஊரில் அதை யாரும் தொடக்கூட மாட்டோம் என்று மாரிக்கண்ணு என்னிடம் சிரித்தாள். ஆனாலும் படித்தவர் சொல்கிறாரே என்று அதையே அடிக்கச் சொன்னாள்.

அந்தப் பாக்கெட்டில் ஒன்றை வீட்டுக்குக் கொண்டு போனேன். அஜீசுன்னிசா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ஏதோ கம்பெனிக் கருவாடுங்க. மாரிக்கண்ணு வரட்டும், அவகிட்டயே வாங்கிக்கலாம்" என்று ஓரமாக வைத்துவிட்டாள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

மறுநாள் மாரிக்கண்ணுவைக் கூப்பிட்டு உட்கார வைத்துத் திட்டினேன். உன் பெயரைச் சொன்னாலே இரண்டு தெரு வாங்குகிறது, அதைத் தூக்கி எறிந்துவிட்டு ஓஷனாவது ஜுவலாவது என்றேன். ஸ்டுடியோத் திரைக்கு முன்னால் நிற்காதே, கருவாடு காயப்போடுகிற இடத்தில் காலை வெயிலில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு வா என்று விரட்டினேன். அவள் முகம், 'மாரிக்கண்ணு கருவாடு' என்ற பெயர், என்ன மீன், என்றைக்குக் காய்ந்தது, பெரிய எழுத்தில் போன் நம்பர். அவ்வளவுதான் லேபிள். வாட்ஸப்பிலும் அதே பெயர், அதே படம். யார் கேட்டாலும் உடனே பதில் போடு, சரக்கு இல்லையென்றால் இல்லை என்று சொல், தெருவில் சொல்கிற மாதிரி நாளைக்கு வரும் நாளைக்கு வரும் என்று இழுக்காதே என்றும் சொல்லி அனுப்பினேன்.

பிடித்துக்கொண்டது. முத்தையன் என்கிற ஆட்டோக்காரர் கொண்டுபோய்க் கொடுத்தார். அவளும் வீட்டில் உட்கார்ந்தபடியே பாக்கெட் போட்டாள். ஆனால் இரண்டு தெரு எத்தனை கருவாடுதான் தின்னும், ஆட்டோக் கூலி போக எவ்வளவுதான் மிஞ்சும்? வெளியூருக்கு அனுப்பலாம் என்றால் வாடை அடிக்கிறது என்று கூரியரில் கையால் தொடவே மாட்டோம் என்றார்கள். கலைவாணனிடம் போனில் கேட்டாள். சுற்றுவட்டாரத்துக்கே போனில் விளம்பரம் போடுங்கள் என்று சொல்லி, மேப்பில் பத்து கிலோமீட்டருக்கு வட்டம் போட்டு அதற்குள் இருக்கிறவர்கள் போனிலெல்லாம் தெரிகிற மாதிரி அவரே ஏற்பாடு செய்தார். நல்ல யோசனை என்று நானும் தலையாட்டினேன்.

கருக்களாச்சேரியில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கூடை தூக்கும் பெண்கள் ஒவ்வொருத்திக்கும் ஒரு ஊரோ தெருவோ சொந்தம். ஒருத்தியின் தெருவில் இன்னொருத்தி கூடையை இறக்க மாட்டாள், யாராவது கூப்பிட்டாலும் இறக்க மாட்டாள். பெண்ணைக் கட்டிக் கொடுக்கும்போது தெருவையும் சேர்த்தே கொடுப்பார்கள். இது மாரிக்கண்ணுவுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் போனில் வருகிறவர்களுக்குத் தெரு ஏது என்று நினைத்துவிட்டாள்.

குரும்பகரத்திலிருந்து ஆர்டர் வந்தது. குரும்பகரம் காசியம்மா கூடை கொண்டுபோகிற ஊர். அவளும் கருக்களாச்சேரிக்காரிதான், மாரிக்கண்ணுவுக்குப் பக்கத்தில் கருவாடு காயப்போடுகிறவள். இவளுக்குக் கால் முடியாத நாளில் இவள் மீனையும் சேர்த்துப் புரட்டிப் போட்டவள். அவள் குரும்பகரத்தில் ஒரு வாசலில் கூடையை இறக்கியபோது, உங்க ஊர்க்காரம்மாவே வீட்டுக்கு அனுப்பிடுறாங்களே என்று போனைக் காட்டியிருக்கிறார்கள். காசியம்மா இறக்கிய கூடையைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு கருவாடு காயப்போடுகிற இடத்தில் எந்தப் பெண்ணும் மாரிக்கண்ணுவோடு பேசவில்லை. சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. இவள் வந்து உட்கார்ந்தால் மற்றவர்கள் எழுந்து போனார்கள். நான் கலைவாணனுக்குப் போன் செய்தேன். போட்டியென்றால் அப்படித்தான் சார், மார்க்கெட் எல்லாருக்கும் பொது என்றார். நன்றாகக் கேட்டுவிடலாம் என்று வாயெடுத்தேன், அதற்குள் இன்னொரு கால் வருகிறதென்று வைத்துவிட்டார். அத்தனை படம் போட்டுப் பாடம் நடத்தினாரே, பக்கத்தில் உட்கார்ந்து மீன் புரட்டுகிறவளைப் பற்றி ஒரு வரி இருந்ததா அதில்?

மாரிக்கண்ணுவே காசியம்மா வீட்டுக்குப் போனாள். குரும்பகரத்து ஆர்டரையெல்லாம் உனக்கே தருகிறேன், நீயே கொண்டுபோய்க் கொடு, வருகிற காசு உனக்குத்தான் என்று கெஞ்சியிருக்கிறாள். காசியம்மா சொன்ன பதிலை மாரிக்கண்ணு என் கடையில் வந்து சொன்னாள்.

"ஒம் மூஞ்சி போட்ட பாக்கெட்டத் தூக்கிக்கிட்டு எந்தெருவுல நான் போவணுமாக்கும்னு கேட்டுட்டா பாய்."

அந்த மூஞ்சியைப் போடச் சொன்னவனே நான்தான்.

அவள் போனை என்னிடம் நீட்டினாள். "என் ரெண்டு தெருவுக்கு மட்டும் வட்டம் போட்டுக் குடுங்க பாய். அதுக்கு மேல ஒரு வூடு வேணாம் எனக்கு."

நான் வட்டத்தைச் சுருக்கினேன். பத்து ஐந்தானது, ஐந்து இரண்டானது. அதற்குக் கீழே கொஞ்சம் இறங்கி நின்றுவிட்டது, என்ன செய்தும் அசையவில்லை. அதை நகர்த்தி நகர்த்தி வைத்துப் பார்த்தேன். எங்கே வைத்தாலும் வேறு நாலு பெண்களின் தெரு உள்ளே வந்தது. எந்தெந்தத் தெரு யாருடையது என்று அவள்தான் விரலை வைத்துச் சொல்லிக்கொண்டு வந்தாள். யாருக்குத் தெரியப்போகிறது, இப்படியே விட்டுவிடு என்று எரிந்து விழுந்தேன். உன் காலை நினைத்துப் பார் என்றும் சொன்னேன்.

"நெனச்சுதான் பாய் சொல்றேன். நிப்பாட்டிடுங்க."

விளம்பரத்தையே நிறுத்தினேன். கோபம் வந்தது, யார் மேல் என்றுதான் விளங்கவில்லை. மாரிக்கண்ணு மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். இரண்டு தெரு வியாபாரத்தில் ஆட்டோக் கூலி கொடுத்துக் கட்டாது, பழைய மாதிரி அடுத்த வாரத்திலிருந்து கூடையோடு வருகிறேன், வீட்டில் சொல்லிவிடுங்கள் என்றாள். படி இறங்க அவளுக்கு வெகு நேரம் பிடித்தது.