மூழ்கிய வீட்டில் எரிந்த விளக்கு

தையல்காரிக்கு வாய் நீளம் என்று தெருவே சொல்லும். அளவெடுத்து முடிப்பதற்குள் வந்தவரின் வீட்டுக் கதை முழுவதையும் கறந்துவிடுவாள். அவள் கணவர் வேன் ஓட்டுபவர். எதற்கெடுத்தாலும் பறப்பார் என்பதால் அவருக்கு 'அவசரம்' என்றே பட்டப்பெயர். தரைத்தளத்தில் முன்னறை அவளுடைய தையல் அறை, பின்னறையில் குடித்தனம்.

விடாத மழையில் வாய்க்கால் உடைத்துக்கொண்டு, விடிவதற்குள் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. கைக்குக் கிடைத்ததை அள்ளிக்கொண்டு இருவரும் மாடி வீட்டுக்கு ஓடினார்கள். மெயின் சுவிட்சை அணைக்க இருவருக்குமே தோன்றவில்லை.

வெளிச்சம் வந்தபோது வெளிப்படிக்கட்டின் கீழ்ப்படிகள் மூழ்கியிருந்தன. அவசரம் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார். அவள் பின்னாலேயே ஓடினாள்.

"எங்க போறீங்க?"

"கல்யாணப் பொண்ணோட உடுப்பு மேஜை மேலயே இருக்கு. மெஷின் மோட்டாரையும் கழட்டிட்டு வந்துடறேன்."

"தண்ணிக்குள்ள காலை வைக்காதீங்க."

"தெருவுக்கே கரண்ட் இல்ல. தண்ணி என்ன கடிக்கவா போகுது?"

அப்போதுதான் அவள் ஜன்னல் வழியே உள்ளே பார்த்தாள். தையல் மெஷினுக்கு மேலே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. பிறகு உறைத்தது. இன்வெர்ட்டர்! பரண் மேல் நனையாமல் உட்கார்ந்துகொண்டு, தண்ணீருக்குள் போய்விட்ட பிளக் பாயிண்டுகளுக்கும் அது கரண்ட் கொடுத்துக்கொண்டிருந்தது.

அவர் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். பொத்தான் தெறித்தது.

"பைத்தியமா உனக்கு?"

"விளக்கைப் பாருங்க!"

பார்த்தார். தூக்கிய காலை மெதுவாக மேல்படியில் வைத்தார்.

அதே நேரம் எதிர்வீட்டு மேஸ்திரி முழங்கால் தண்ணீரில் அவர்கள் கேட்டை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

"தங்கச்சி, என்ன எடுக்கணும்னு சொல்லு. நான் எடுத்துத் தர்றேன்."

"அண்ணே, நில்லுங்க! கேட்டைத் தொடாதீங்க! உள்ள கரண்ட் இருக்கு!"

மேஸ்திரி நின்றார். முகம் மாறியது. "காலு சுருக்கு சுருக்குங்குதே..."

அவசரம் அவரைப் பிடிக்கப் பாய்ந்தார். தையல்காரி குறுக்கே கையை நீட்டி மறித்தாள். "நீங்களும் போய்ச் சேரவா?" என்றவள் மேஸ்திரியைப் பார்த்துக் கத்தினாள். "அண்ணே, வந்த வழியே திரும்புங்க. காலை அகட்டி வைக்காதீங்க, அகட்டினா ஷாக் கூடும். ரெண்டையும் ஒட்டினாப்புல தேய்ச்சுத் தேய்ச்சுப் போங்க."

மேஸ்திரி அசைந்தார். தெருவின் பாதி அகலம் அன்று முடிவதாகவே இல்லை. தன் வீட்டு மேட்டில் ஏறியதும் அவர் தொப்பென்று உட்கார்ந்தார். அதன் பிறகுதான் அவள் மூச்சு விட்டாள்.

மின்வாரியத்துக்குப் போன் செய்தாள். தண்ணீர் வடியும்வரை தெரு லைனை மறுபடி கொடுக்க மாட்டோம், ஆனால் வீட்டு இன்வெர்ட்டரை எங்களால் நிறுத்த முடியாது, யாரையும் தண்ணீரில் இறங்கவிடாதீர்கள் என்றார்கள். அக்கம்பக்கத்துக்கெல்லாம் மாடியிலிருந்தே குரல் கொடுத்து எச்சரித்துவிட்டு, இருவரும் படியில் உட்கார்ந்து அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மத்தியானத்துக்கு மேல் அது மங்கி அணைந்தது. அவசரம் எழுந்தார்.

"உட்காருங்க."

"அதான் அணைஞ்சிடுச்சே!"

"பல்புதானே அணைஞ்சிருக்கு? பேட்டரியில மிச்சம் இருக்கா இல்லையான்னு உங்களுக்குத் தெரியுமா? தண்ணி வடியட்டும். எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கட்டும்."

அவர் உட்கார்ந்தார்.

மறுநாள் தண்ணீர் வடிந்ததும் எலக்ட்ரீஷியன் கையுறையோடு வந்து, மெயினை இறக்கி, பேட்டரி ஒயரைக் கழற்றினார். ஒயரிங் காய்ந்து, தான் சோதித்துப் பார்க்கும்வரை ஒரு சுவிட்சைக்கூடத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். மோட்டார் வீணாகியிருந்தது. கல்யாண உடுப்பின் கீழ்க்கரையில் சேறு ஏறியிருந்தது. மணப்பெண் போனில் அழுதாள். பிறகு அவளே, "கரையை வெட்டிடுங்க அக்கா, கொஞ்சம் குட்டையானா பரவால்ல" என்றாள்.

மாடி வீட்டில் உட்கார்ந்து அவள் அதைக் கையால் தைத்துக்கொண்டிருந்தபோது மேஸ்திரி வந்து வாசலில் நின்றார்.

"தங்கச்சி, நேத்து நடந்தது என் வீட்டுக்காரிக்குத் தெரிய வேணாம்."

"தெருவே பார்த்துச்சு அண்ணே."

சிரிக்கத்தான் பார்த்தாள். கண் அவர் கால்களுக்குப் போனது; ஊசி விரலில் ஏறியது.