கோட்டுக்குக் கீழே ஒரு புள்ளி

மார்கழி முழுக்க மயிலாப்பூர் சபாவில் எனக்குப் பக்கத்து இருக்கை ஒரு மாமிக்குத்தான். பட்டுப்புடவை, காலில் விளையாட்டு ஷூ. பாட்டு நின்று மிருதங்கம் தனியாக வாசிக்கத் தொடங்கியதும் மாமி திரும்பி உட்கார்ந்து, கேன்டீனுக்கு எழுந்து போகிறவர்களை எண்ணுவார். அந்தத் தனி ஆவர்த்தனம் எவ்வளவு நேரம், எத்தனை பேர் எழுந்தார்கள் என்று கிராஃப் தாளில் கச்சேரிக்கு ஒரு புள்ளி. புள்ளிகளின் நடுவே மேலேறும் ஒரு நேர்கோடு.

"தனி நீண்டா ஜனங்க ஓடிடுறாங்கன்னு அர்த்தமா மாமி?"

"நீள்ற அன்னிக்கு நிறையப் பேர் எழுந்துக்கறா, அவ்வளவுதான் கோடு சொல்றது. காரணம் காபி வாசனையாக்கூட இருக்கலாம்."

"ஒரு மணி நேரம் வாசிச்சா சபாவே காலியா?"

"அவ்வளவு நேரம் யாரும் வாசிக்கலையே சார். புள்ளி இல்லாத எடத்துல கோட்டை நம்பப்படாது."

ஒரு மாலை, மிருதங்கத்தில் ஓர் இளம்பெண். அவருடைய தனி, தாளிலிருந்த எல்லாப் புள்ளிகளையும் தாண்டி நீண்டது. கோட்டின்படி பாதி சபா எழுந்திருக்க வேண்டும். ரவா தோசை தீர்ந்துவிடுமே என்று நானும் எழப் பார்த்தேன். மாமி கையைப் பிடித்து இழுத்தார்.

"எங்க போறேள்? திரும்பிப் பாருங்கோ!"

ஒருவர்கூட எழவில்லை. கேன்டீன்காரர்களே கரண்டியோடு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

தனி முடிந்ததும் முதலில் எழுந்தவர் மாமிதான், கைதட்டுவதற்காக. பிறகு உட்கார்ந்து, கோட்டுக்கு வெகு கீழே ஒரு புள்ளி வைத்தார்.

"கோடு பொய்யாயிடுச்சே மாமி!"

"ஆகட்டுமே சார்! இதைவிட வேற என்ன வேணும்?"

எழுந்தவர்களில் தன்னையும் ஒருவராக எண்ணிக்கொண்டாரா என்பதுதான் எனக்கு இன்றுவரை தெரியவில்லை.