ஆதிமூலத்தின் மெஷின் மூடி

ஏம்பலத்தில் "மருந்துக்காரர் வீடு எது?" என்று கேட்டால் யாரும் மெடிக்கல் கடையைக் காட்ட மாட்டார்கள், ஆதிமூலத்தின் வீட்டைத்தான் காட்டுவார்கள். பயிருக்கு மருந்தடிப்பதுதான் இருபத்திரண்டு வருஷமாக அவர் பிழைப்பு. முதுகில் பேட்டரி மெஷின், மூக்கைச் சுற்றி ஒரு துண்டு. அந்த விஷத்துக்கு மருந்து என்று பெயர் வைத்த புண்ணியவான், ஒரு நாளாவது அதைச் சுமந்து பார்த்திருக்க வேண்டும்.

இத்தனை வருஷத்தில் அவர் கெட்ட பெயர் வாங்கியது சாமிநாதன் வயலில்தான். இரண்டு வருஷத்துக்கு முன், சம்பாப் பயிரில் புழு இலையைச் சுருட்டியிருக்கிறது என்று சாமிநாதன் கூப்பிட்டார். ஆதிமூலம் அடித்தார். பக்கத்தில் சின்னபொண்ணு வயலையும் அடிக்க வேண்டும். அதற்குள் பேட்டரி போய்விட்டது, அந்த வேலை அப்படியே நின்றுபோனது. ஒரு மாதம் கழித்துச் சாமிநாதன் வயலில் புகையான் விழுந்தது. தண்டின் அடியில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும் குட்டித் தத்துப்பூச்சி அது. பயிர் வட்டம் வட்டமாகத் தீய்ந்துபோனது. மருந்தே படாத சின்னபொண்ணு வயலோ பச்சைப்பசேல் என்று நின்றது.

ஆதிமூலத்துக்கு மனசு ஆறவில்லை. இரண்டு வயலிலும் இறங்கிக் குனிந்து பார்த்தார். சின்னபொண்ணு வயலில் தூருக்குத் தூர் எட்டுக்கால் பூச்சி, புகையானைப் பிடித்துத் தின்றுகொண்டிருந்தது. சாமிநாதன் வயலில் தேடித் தேடியும் இரண்டு மூன்றுக்கு மேல் கிடைக்கவில்லை. இலைப்புழுவோடு சேர்த்துக் காவல்காரனையும் கொன்றுவிட்டுக் கூலியும் வாங்கியிருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. சாமிநாதனிடம் போய் அதைச் சொன்னார். அவர் காது கொடுக்கவில்லை. அதோடு இவரைக் கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டார்.

அன்றிலிருந்து ஆதிமூலத்துக்கு ஒரு பழக்கம். மெஷினின் வெள்ளை மூடியை நன்றாகக் கழுவி, அதில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, பயிரின் அடியில் பிடித்துக்கொண்டு தூரைத் தட்டுவார். தின்கிறது எத்தனை, தின்னப்படுகிறது எத்தனை என்று பார்ப்பார். புகையான் கை மீறிப் போயிருந்தால்தான் மெஷினை மாட்டுவார்.

போன கார்த்திகையில் மகாலட்சுமி கூப்பிட்டாள். ஒரு காணி குத்தகை நிலம். அதில் விளைவதுதான் வீட்டுக்கு வருஷச் சோறு. புகையானைக் கண்டதும் பதறி மருந்தும் வாங்கி வைத்திருந்தாள். ஆதிமூலம் இருபது தூர் தட்டினார். புகையான் இருந்தது. எட்டுக்கால் பூச்சியும் இருந்தது. புகையான் முட்டையை உறிஞ்சும் பச்சைப் பூச்சியும் தாராளமாக இருந்தது.

"இன்னிக்கு வேணாம்மா. தண்ணிய வடிச்சிடு. யூரியா போடாத. ஒரு வாரம் பாப்போம்."

"பயிரு போயிடுச்சின்னா நான் இன்னாண்ணா பண்ணுவேன்?"

தினமும் வந்து பார்ப்பதாகவும், புகையான் கூடினால் அன்றைக்கே அடித்துவிடுவதாகவும் ஆதிமூலம் சொன்னார். பக்கத்து வரப்பில் நின்ற சாமிநாதன், என் வயலைத் தீய்த்தது போதாதா என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார்.

மூன்றாம் நாள் புகையான் கூடியிருந்தது. மகாலட்சுமி மருந்துப் பாட்டிலைக் கொண்டுவந்து வரப்பில் வைத்தாள். ஆதிமூலம் மெஷினை மாட்டி, பாட்டிலைத் திறக்கவும் போய்விட்டார். கடைசியாக ஒரு தடவை தட்டிவிடலாம் என்று குனிந்தார். மூடியில் எட்டுக்கால் பூச்சிகள் விழுந்தன. பாதிக்கு மேல் முட்டைப் பையைச் சுமந்துகொண்டிருந்தன. காவலுக்கு ஆள் பெருகப்போகிறது என்று அவர் மெஷினை இறக்கி வைத்தார்.

ஐந்தாம் நாள் புகையான் குறைந்தது. ஏழாம் நாள் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. திறக்காத பாட்டிலை மகாலட்சுமி கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

மார்கழியில் அவள் வயல் கதிர் முற்றித் தலைசாய்ந்து நின்றபோது, ஆதிமூலத்துக்குச் சாமிநாதனிடமிருந்து போன் வந்தது. பிந்தி நட்ட அவருடைய பயிரில் புகையான் இறங்கியிருக்கிறதாம். இதோ மெஷினோடு வருகிறேன் என்றார் ஆதிமூலம்.

"மெஷினு வேணாம்பா," என்றார் சாமிநாதன். "நீ மட்டும் வா."

ஆதிமூலம் மெஷினை மூலையிலேயே விட்டுவிட்டு, மூடியை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினார்.