டமாரம் தோற்க நினைத்த நாள்

அவளுக்கு டமாரம் என்று பெயர் வைத்தவர்கள் விளையாட்டுக்கூடத்துக்குத் தினமும் வரும் கல்லூரிப் பெண்கள். வைத்த நாளிலிருந்து அங்கே யாரும் அவளைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சம்பளச் சீட்டில் மட்டும்தான் அந்தப் பெயர் மிச்சம் இருந்தது.

அதற்கு முன்னால் அவள் பேருந்துப் பணிமனையில் சீட் தைத்தவள். பிய்ந்த ரெக்சினை உரித்து, நசுங்கிய பஞ்சை எடுத்துவிட்டுப் புதிதாக அடைத்து, மேல்துணியைச் சுருக்கம் விழாமல் இழுத்துப் பிடித்து ஆணி அடிப்பாள். பதினாறு வருஷம் செய்த வேலை. பணிமனையை மூடிவிட்டார்கள். வீட்டில் சும்மா இருந்த இரண்டாவது மாதம், வணிக வளாகத்தின் அடித்தளத்தில் இருக்கும் விளையாட்டுக்கூடத்திலிருந்து ஆள் வந்தது. அங்கே ஒரு முரசு மிஷினில் தோல் கிழிந்துவிட்டதாம்.

போய்ப் பார்த்தாள். ஆள் உயரத் திரை, அதற்கு முன்னால் அண்டா அளவில் இரண்டு முரசுகள். பாட்டு ஓட ஓடத் திரையில் வட்டங்கள் வரிசையாக உருண்டு வரும். சிவப்பு வந்தால் நடுவில் அடிக்க வேண்டும், நீலம் வந்தால் விளிம்பில். நேரம் தப்பாமல் அடித்தால் புள்ளி ஏறும். அவ்வளவுதான் ஆட்டம்.

"ஒரு நாள் வேலைதான்க்கா" என்றார் மேனேஜர். அவளைவிடப் பத்து வயது சின்னவர். அந்த ஒரு நாள் ஏழு வருஷமாகிவிட்டது.

தோலை மாற்றினால் மட்டும் போதாது. அடியில் இருக்கும் நான்கு சென்சாரும் அடியை வாங்குகின்றனவா என்று பார்க்க, முழுப் பாட்டுக்கும் வாசித்துப் பார்த்தாக வேண்டும். முதலில் தட்டுத் தடுமாறி அடித்தாள். வாரத்துக்கு இரண்டு தோலாவது கிழியும். தைத்த கைக்கு அளவு என்பது தானாக வரும் போலிருக்கிறது. மூன்றாவது மாதம் ஒரு வட்டம்கூட விடாமல் அடித்து முடித்துத் திரும்பிப் பார்த்தால், பின்னால் முப்பது பேர் நின்று கை தட்டுகிறார்கள். கூட்டத்தின் ஓரத்தில் மேனேஜரும் நின்றார். அவர் கை தட்டவில்லை, தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரமே தங்கநிறப் பொத்தான் வைத்த சிவப்புக் கோட்டு ஒன்று தைத்து வந்துவிட்டது. தினமும் பன்னிரண்டு மணிக்கு ஓர் ஆட்டம், நாலு மணிக்கு ஓர் ஆட்டம், ஆறு மணிக்கு ஓர் ஆட்டம். இடையில் தோல் மாற்றும் வேலை.

முதல் வருஷம் அவளுக்கும் பிடித்துத்தான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது. பேருந்து சீட்டில் உட்காரும் யாரும் தைத்தவளைத் திரும்பிப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னதில்லை; இங்கே கைத்தட்டல். ஆனால் கூடத்துக்கு ஜன்னலே கிடையாது. யாராவது நனைந்த குடையோடு உள்ளே வந்தால்தான் வெளியே மழை என்று தெரியும். ஐம்பது மிஷின்களும் ஒரே நேரத்தில் கத்தும். வீட்டுக்குப் போய்ப் படுத்தாலும் கண்ணை மூடியதும் சிவப்பும் நீலமும் உருண்டு வரும். சாப்பிடும்போது இடது கை தன்பாட்டுக்கு மேஜையில் தட்டிக்கொண்டிருக்கும்.

ஐந்தாவது வருஷம் வலது மணிக்கட்டு வீங்கியது. எலும்பு டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, "ஆறு மாசம் அடிக்கிற வேலையே கூடாது" என்றார்.

மேனேஜரிடம் சொன்னாள். அவர் பதறிப் போய்விட்டார். உண்மையிலேயே பதறினார், நல்ல மனுஷர்தான். மறுநாளே விலை உயர்ந்த மணிக்கட்டுப் பட்டை ஒன்றை வாங்கி வந்து தன் கையாலேயே மாட்டிவிட்டார். "இப்ப எப்படி இருக்குக்கா? இனிமே பன்னிரண்டு மணி ஆட்டம் வேண்டாம். மீதி ரெண்டு மட்டும் போதும்" என்றார். இதற்குமேல் எந்த முகத்தோடு சண்டை போடுவது?

பணிமனையில் கூட வேலை பார்த்த தோழி அந்தச் சமயத்தில் சொந்தமாக ஒரு சீட் கடை போட்டிருந்தாள். "வந்துடுடி. கைக்கும் நோகாது, ரெண்டு பேரும் பேசிக்கிட்டே தைக்கலாம்" என்று கூப்பிட்டாள்.

அன்று சாயங்காலமே கணவரிடம் பேச்சை எடுத்தாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுத்துவிட்டு, அவர்கள் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் மனைவி முரசடிக்கும் வீடியோவைக் காட்டிவிடுவார்.

"ஏங்க, நான் மறுபடி சீட் தைக்கப் போகலாம்னு பார்க்கிறேன்."

"என்ன விளையாடுறியா? ஊரே உனக்குக் கை தட்டுது. அதை விட்டுட்டு மூலையில உக்காந்து பஞ்சு அடைக்கப் போறியா?"

அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்ததும் அவள் பேச்சை அங்கேயே விட்டுவிட்டாள்.

அப்போதுதான் மேனேஜர் போட்டி ஒன்றை அறிவித்தார். யார் வேண்டுமானாலும் வந்து டமாரத்தை ஜெயிக்கலாம். வடிகட்டி வடிகட்டிக் கடைசியில் மிஞ்சியது மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண். இருபத்தைந்து வயது இருக்கும். சொந்தக் குச்சிகளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். அவள் அடிப்பதை ஒருமுறை பார்த்ததுமே டமாரத்துக்கு மனம் லேசானது. இவளிடம் தோற்றுவிட்டால் சிவப்புக் கோட்டு இவளுக்குப் போய்விடும். யாருக்கும் வருத்தம் இருக்காது. விட்டது தொல்லை.

போட்டி அன்று கணவர் முதல் வரிசையில் இருந்தார், கூட வேலை பார்ப்பவர்கள் நாலு பேரையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தார். பாட்டு தொடங்கியது. முதல் பாதி ஒழுங்காக அடிப்பது, நடுவில் வட்டங்கள் நெருக்கியடித்து வரும் இடத்தில் நான்கைந்தை விட்டுவிடுவது என்று அவள் முடிவு செய்திருந்தாள்.

அந்த இடம் வந்தது. குச்சியை நிறுத்தப் பார்த்தாள். கை நிற்கவில்லை.

இப்போது விடு என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். கை அடித்தது. கண்ணைத் திரையிலிருந்து எடுத்துத் தரையைப் பார்த்தாள். அப்போதும் சிவப்புக்கு நடுவிலும் நீலத்துக்கு விளிம்பிலும் சரியாகவே விழுந்தது. மணிக்கட்டு தீயாய் எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வலக்கையைப் பின்னுக்கு இழுத்தால், அதன் அடியையும் சேர்த்து இடக்கை அடித்தது. இது தன் கைதானா என்று அவளுக்கே பயமாகப் போய்விட்டது. பக்கத்து முரசில் அந்தப் பெண் இரண்டு வட்டங்களை விட்டாள். டமாரம் ஒன்றைக்கூட விடவில்லை.

கூடமே அதிர்ந்தது. கணவர் நாற்காலி மேல் ஏறி நின்றுவிட்டார். மேனேஜர் ஒலிபெருக்கியில் கத்தினார்.

மருந்துக்கடைப் பெண் கை கொடுக்க வந்தாள். "அக்கா, ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே? ஜெயிச்சும் ஏன் இப்படி அழற மாதிரி நிக்கிறீங்க?"

"எனக்கு இது பிடிக்கலம்மா" என்றாள் டமாரம்.

சொன்ன பிறகுதான் இத்தனை வருஷத்தில் அதை வாய்விட்டுச் சொன்னதே இல்லை என்று அவளுக்கு உறைத்தது. அதே சூட்டோடு வீட்டுக்குப் போகும் வழியில் கணவரிடமும் சொன்னாள். தோற்கப் பார்த்ததையும் மறைக்கவில்லை. அவர் சட்டென்று நடையை நிறுத்தினார். கோபம்தான் வரப்போகிறது என்று அவள் நினைத்தாள்.

"தோக்கப் பார்த்தியா? கை வலிக்குதுன்னுதான சொன்ன. பிடிக்கலைன்னு ஒருநாளும் சொல்லலையே" என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, "நான் கேட்கவும் இல்ல" என்றார்.

ராஜினாமாக் கடிதத்தை அவர்தான் எழுதிக் கொடுத்தார். மேனேஜர் அதை இரண்டு முறை படித்தார். "வேற ஆள் பழக மூணு மாசம் கொடுங்கக்கா" என்று கெஞ்சினார். சரி என்றாள். மருந்துக்கடைப் பெண்ணைக் கேட்டதற்கு அவள் சிரித்துவிட்டு மறுத்தாள். தனக்கு ஆட்டம் பிடிக்கும் என்றும், அதனால்தான் வேலையாக வேண்டாம் என்றும் சொன்னாளாம். வேறு ஆள் அமையவில்லை. மூன்று மாதம் ஒரு வருஷத்தைத் தாண்டிவிட்டது. கூடத்து வாசலில் சிவப்புக் கோட்டோடு அவள் படம் ஆளுயரத்துக்கு நிற்கிறது. உள்ளே போகும்போது அந்தப் பக்கம் பார்க்காமல் போய்விடுவாள்.

வாரத்தில் இரண்டு நாள் விடுப்பு என்பது மட்டும் அவள் வாங்கிக்கொண்ட விஷயம். அந்த இரண்டு நாளும் தோழியின் கடை. தெருவைப் பார்த்த வாசல், பெரிய ஜன்னல்.

போன வாரம் ஒரு லாரி சீட்டை உரித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மேனேஜர்.

"அக்கா, இடது முரசு அடியே வாங்க மாட்டேங்குது. இன்னைக்குக் கூடத்தையே பிறந்தநாள் பார்ட்டிக்கு எடுத்திருக்காங்க. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல."

தோழி தலையை ஆட்டி, வேண்டாம் என்று சைகை காட்டினாள். டமாரம் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தாள். கூடத்துக்கு நடந்து போனால் பத்து நிமிஷம்.

"வர்றேன் சார். ரெண்டு மணி நேரம் ஆகும்" என்று சொல்லிவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்து, பஞ்சைக் கையில் எடுத்தாள்.