ஒரு கோல்கீப்பரின் ஒன்பது கையெழுத்துகள்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் அவரை நன்றாக அறிந்தவர்கள். அவர்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லவே, அவருடைய ஒரே தங்கையான நான் இதை எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது காரைக்காலில், மாதா கோவிலுக்குப் பின்தெருவில். அப்பா இறந்தபோது அவருக்குப் பதினாறு வயது. எங்கள் குடும்பத்துக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்ததால் பத்தொன்பதாம் வயதில் பிரான்சுக்குப் போனார். அங்கே ஒரு சிறு நகரத்துக் கால்பந்து அரங்கில், ஆட்டக்காரர்களின் உடைகளைத் துவைக்கும் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தார். அம்மாவின் வைத்தியம், என் படிப்பு, என் திருமணம் எல்லாம் அந்தச் சலவை அறை உழைப்பில்தான் நடந்தன. அதை அவர் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை.

அவருக்கென்று இருந்த ஒரே ஆசை கால்பந்து அட்டைகள். ஆட்டக்காரரின் படம் போட்டு, உள்ளங்கையில் அடங்கும். முன்பெல்லாம் மிட்டாய்ப் பொட்டலங்களில் வைத்துத் தந்தார்களாம். பிள்ளைகள் அதை எடுத்துக்கொண்டு அரங்க வாசலில் நின்று கையெழுத்து வாங்குவார்கள். பின்னால் அட்டைக் கம்பெனிகளே கையெழுத்து வாங்கி, எத்தனையோ பாக்கெட்டுகளுக்கு ஒன்றில் அதை ஒளித்து வைத்து விற்றன. அப்புறம் கையெழுத்துகளை ஒட்டுத்தாளில் மொத்தமாக வாங்கி அட்டையில் ஒட்டினார்கள். போலிகளும் வந்தன. அண்ணன் கடையில் வாங்கவே மாட்டார். “என் எதிர்ல போட்டாத்தான் கையெழுத்து. அந்த நேரத்துல அந்த ஆளோட கை எப்படி இருந்துச்சோ, அது அப்படியே அட்டையில நிக்கும்” என்பார்.

அந்த நகரத்து அணியின் கோல்கீப்பர் ஆண்டுக்கு ஒன்றாக ஒன்பது அட்டைகளில் அவருக்குக் கையெழுத்திட்டிருந்தார். ஒருநாள் அவற்றை வரிசையாக வைத்தபோதுதான் அண்ணன் கவனித்தார். எழுத்துகள் ஆண்டுக்கு ஆண்டு சிறுத்துக்கொண்டே வந்தன. ஒன்பதாவது அட்டையில் எறும்பு வரிசையாக ஓரத்தில் ஒடுங்கியிருந்தது. “கை வலிக்குதா?” என்று கேட்டதற்கு அந்த மனிதர் சிரித்துவிட்டுப் போனாராம். இரண்டே ஆண்டில் அவருக்கு நடுக்குவாதம் என்று செய்தி வந்தது. எழுத்து சிறுப்பது அந்த நோயின் முதல் அடையாளங்களில் ஒன்றாம்.

ஓய்வு பெற்றபின் அண்ணனும் அண்ணியும் காரைக்காலுக்கே திரும்பினார்கள். ஓய்வூதியத்துக்காக, தான் உயிருடன் இருப்பதாக ஆண்டுதோறும் அவர் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்தப் படிவத்துக்காக அலுவலகத்துக்கு நானும் கூடப் போனேன். அலுவலர் பழைய தாளையும் புதியதையும் மாறி மாறிப் பார்த்தார். “ஐயா, போன வருஷம் மாதிரி இல்லீங்களே. கொஞ்சம் பெருசா போடுங்க” என்றார். அண்ணன் மறுபடி போட்டார். முதல் எழுத்து பெரிதாக வந்தது. மற்றவை ஒடுங்கிப் போயின.

வீட்டுக்கு வந்ததும் ஒன்பது அட்டைகளையும் மேசையில் பரப்பினார். பக்கத்தில் தன் பழைய படிவங்களின் நகல்களை வைத்தார். அண்ணி கடைத்தெருவுக்குப் போயிருந்தார்.

“வயசானா எல்லாருக்கும் கை தளரும் அண்ணா.”

“இல்ல பாப்பா. எனக்கு இது தெரியும். உங்க அண்ணிகிட்ட சொல்லாத. தெரிஞ்சா அவ தூங்க மாட்டா.”

நான் சத்தியம் செய்து கொடுத்தேன். அதன் பிறகு அங்கே போகும்போதெல்லாம் அவர் கையைத்தான் பார்த்தேன். சட்டைப் பொத்தான் போட நேரமானது. நடக்கும்போது வலக்கை வீசாமல் தொங்கியது. அண்ணி என்னைத் தனியே அழைத்து, “உங்க அண்ணன் முகத்துல ஒரு சிரிப்பையே காணோம். எம்மேல ஏதும் கோவமா?” என்று கேட்டார். அந்த நோய் முகத்தையும் இறுக்கிவிடும். “அதெல்லாம் ஒண்ணுமில்ல அண்ணி” என்றேன்.

பதினாறு மாதங்கள் இப்படியே போயின. ஒரு காலையில் அண்ணன் குளியலறை வாசலில் விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது. “இது நடுக்குவாதம். முன்னாடியே மாத்திரை ஆரம்பிச்சிருந்தா விழாம பாத்திருக்கலாமே” என்றார் மருத்துவர். அண்ணி என் பக்கம் திரும்பி, “நமக்கு எப்படித் தெரியும்?” என்றார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அண்ணன் மறுபடி எழுந்து நடக்கவில்லை. எட்டு மாதம் படுக்கையில் இருந்து, நெஞ்சில் சளி கட்டி, அண்ணியின் மடியில் அடங்கினார்.

கிளிஞ்சல்மேட்டிலிருந்து தினமும் வந்து அவரைத் தூக்கி உட்கார வைத்த செவிலியச் சகோதரிக்கும், நற்கருணை கொண்டுவந்த பங்குத்தந்தைக்கும், பிரான்சிலிருந்து வந்து சவப்பெட்டி சுமந்த பழைய நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இதை அண்ணியிடம் படிக்கக் கொடுத்தேன். சத்தியம் செய்த இடம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

“எடுத்துடட்டுமா அண்ணி?”

“வேணாம். அப்படியே போடு. நம்ம ஆளுங்க எல்லார் கைக்கும் போகுதுல்ல. யாருக்காவது எழுத்து சிறுத்தா மறைக்காம டாக்டர்கிட்ட போகட்டும்.”

மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. கேட்க எனக்கும் வாய் வரவில்லை.